மார்க்கெட் ஆஸ்பத்திரியின் மகமை நோட்டு

சட்டப் புத்தகம் உங்கள் மேசையில் இருக்கிறது. எந்தப் பிரிவு எதற்கு என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் பேசப் போவதில்லை. எனக்கே பாதி மறந்துவிட்டது. வணிகவரி இலாகாவில் உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்திருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. உங்களில் ஒருவராவது ஒரு நோட்டீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை ஒரு நிமிஷம் மூடி வைத்தால் எனக்குப் போதும்.

நாற்பதுகளின் பிற்பகுதி அது. எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் சர்க்காருக்கு அதுவரை வந்துகொண்டிருந்த பெரிய வருமானம் அதோடு நின்றுபோனது. வாத்தியார் சம்பளத்துக்கும் ரோட்டு ஜல்லிக்கும் இனி எங்கே போவது என்றால், விற்பனை வரிக்குத்தான் என்றார்கள். குடிக்கிறவன் கொடுத்துக்கொண்டிருந்ததை இனி மிளகாய் வாங்குகிறவன் கொடுக்க வேண்டும். அதை வாங்கித் தர வேண்டியவர்கள் நாங்கள்.

நான் சிதம்பரத்தில் டெம்பரவரி உத்தியோகஸ்தன். எனக்கு மேலே இருந்தவர் கடலூரில் இருந்தார். திங்கட்கிழமைதோறும் ரயிலேறிப் போய் அவர் முன்னால் வசூல் பட்டியலை வைக்க வேண்டும். அவர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திட்டினால்கூடத் தேவலை. அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி கூட்ட ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் வாயைத் திறந்தார்.

"வரி ரேட்ட கூட்டலாமான்னு மேல கேட்டாங்க. வேணாம்னு எழுதிட்டேன். ஏன்னு சொல்லு பாக்கலாம்."

அவரே பதிலும் சொன்னார்.

"ஆத்துக்கு அக்கரையில பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம் இருக்குய்யா. இங்க ரேட்டு ஏறிச்சின்னா அடுத்த வாரமே பண்ருட்டி வண்டியெல்லாம் பாண்டிச்சேரிப் பக்கம் திரும்பிக்கும். ரெண்டு சர்க்காரும் ஒக்காந்து பேசி ஒரே மாதிரி வெச்சிக்கிட்டாத்தான் உண்டு. அது நம்ம கையில இல்ல. அதனால ரேட்ட தொடாத. எவன் மறைக்கிறான்னு பாரு. மார்ச்சுக்குள்ள வசூல் ஏறலேன்னா டெம்பரவரி ஆளுங்கள வெச்சிக்கிறது கஷ்டம்."

கடைசி வாக்கியத்தை அவர் எனக்காகச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்காகத்தான் என்று முடிவு செய்தபோது வண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டியிருந்தது.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் ஒரு குழந்தை வீட்டிலேயே பிறந்து அன்றைக்கே போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இந்தத் தடவை வீட்டில் வேண்டாம் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டு அறை, நான்கு கட்டில். எஸ்தர் அம்மா என்று வெளியூர்க்காரர் ஒருவர் நர்ஸாக இருந்தார். ஏழை பணக்காரர் வித்தியாசமில்லை, காசு வாங்குவதில்லை. ஊரில் அதற்கு மார்க்கெட் ஆஸ்பத்திரி என்று பெயர்.

பெயருக்குக் காரணம் உண்டு. மிளகாய், புளி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, முந்திரி என்று மொத்த வியாபாரம் செய்த ஏழு கடைக்காரர்கள் அதை நடத்திவந்தார்கள். கடைக்குள் இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் காலணா எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர். சட்டமில்லை, ரசீதில்லை, கேட்க ஆளில்லை. அவர்கள் பாட்டனார் காலத்து ஏற்பாடு. நர்ஸ் சம்பளம், பால், மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் அந்தக் காலணாக்களில் நடந்தது.

மனைவியைக் காட்ட முதல் தடவை போனபோது, அவளை உள்ளே படுக்கவைத்துப் பார்த்துவிட்டு எஸ்தர் அம்மா வெளியே வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஏதாவது பேச வேண்டுமே என்று, "இத்தனையும் எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். மேசை டிராயரிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துப் பெருமையாக என் முன்னால் வைத்தார்.

"பாருங்க சார். எந்தக் கடை, எத்தினி மூட்டை, எத்தினி காசு, வாராவாரம் அவுங்களே எழுதிக் குடுத்துர்றாங்க. ஒரு வாரம் விட்டதில்ல. மத்த விஷயத்துல எப்படியோ, இது நடராஜர் சாட்சியா குடுக்கற காசு, இதுல சுத்தம்."

காசுப் பத்தியை நான் பார்க்கவில்லை. மூட்டைப் பத்தியைத்தான் பார்த்தேன். சபாபதி என்பவர் அந்தத் தெருவில் பெரிய மிளகாய் மண்டிக்காரர். அவர் என் ஆபீஸில் கொடுத்திருந்த கணக்கு எனக்கு மனப்பாடம். இங்கே அதைவிட எவ்வளவோ ஜாஸ்தி இருந்தது.

"நோட்டை ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாமா?"

"உங்களுக்கில்லாததா சார், எடுத்துக்கினு போங்க."

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். உள் அறையில் என் மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்று முழுவதும் நோட்டைப் பிரதி எடுத்தேன். என் ஆபீஸ் கணக்கோடு ஒத்துப் பார்த்தால், ஒரு கடைக்காரர் தவிர மற்ற ஆறு பேரும் எங்களிடம் காட்டியது சரிபாதி. அந்த ஒருவர் பாதிக்கும் குறைவு. ஆறு பேர் சொல்லிவைத்தாற்போல் சரிபாதி மறைப்பார்களா என்று ஒரு கேள்வி எனக்கு வரத்தான் செய்தது. கூட்டுச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வேலைக்கு ஆபத்து வந்திருக்கும் சமயத்தில் நமக்கு வேண்டிய பதில் ரொம்ப சீக்கிரம் கிடைத்துவிடும், கவனித்துப் பாருங்கள்.

அடுத்த திங்கட்கிழமை கடலூர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். ஏழு பேருக்கும் நோட்டீஸ் போனது. மறைத்ததாக நான் நினைத்த பாதிக்கு வரி, அதற்கு மேல் அபராதம்.

விசாரணைக்கு ஏழு பேரும் ஒன்றாக வந்தார்கள். சண்டை போடுவார்கள், வக்கீல் வைப்பார்கள் என்று எதிர்பார்த்து நான் தயாராக இருந்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சபாபதியைப் பார்த்துக் கேட்டேன்.

"இந்த மகமை நோட்டில் இருப்பது சரியா, தப்பா?"

"அது சாமி நோட்டு சார். அதப் பத்தி இங்க நாங்க பேசறதில்ல."

"அப்படியானால் சரி என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான், புளிக்கடைக்காரர், பதறினார். "மாமா, சொல்லிடுங்க மாமா."

"இன்னாத்த சொல்றது? எழுதிக்கட்டும்" என்றார் சபாபதி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நான் உத்தரவில் எழுதினேன். பேசாமல் இருப்பதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். தவணைக்குள் கட்டாவிட்டால் சரக்கை ஜப்தி செய்யலாம் என்று உத்தரவு கடலூரிலிருந்து வந்தது. பண்ருட்டியிலும் இதே மாதிரி மகமை நோட்டுகளைத் தேடச் சொல்லி கடலூர்க்காரர் மேலே எழுதப் போவதாகவும் சொன்னார்.

ஒரு மாதம் போயிருக்கும். என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எஸ்தர் அம்மா ஊருக்குப் போறாங்களாம். ஒண்ணாந்தேதியோட ஆஸ்பத்திரிய மூடறாங்களாம்."

"ஏன்?"

"வியாபாரிங்க மகமைய நிறுத்திட்டாங்களாம். ஏன்னு கேட்டா அவுங்க என் மூஞ்சியவே பாக்கல. எனக்கு இருவது நாள்தான் இருக்குங்க. அவுங்க இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. வேறு ஏற்பாடு பார்க்கிறேன் என்றேன். வேறு ஏற்பாடு என்ன என்று எனக்கே தெரியாது. கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நிலைமையில் ரயிலில் கூட்டிப்போவதா? பழையபடி வீட்டிலா? போன தடவை துணியில் சுற்றிக் கொடுத்தது என் கையில்தான். சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நான்கு கட்டிலில் மூன்று காலி. எஸ்தர் அம்மா வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு மாச சம்பளம் வரல சார். அதக்கூட வுட்ருவேன். பாலுக்கே காசில்ல. மூட்டை எழுதினாத்தான நீங்க புடிக்கிறீங்க, எழுதறதே வேணாம்னுட்டாங்க. அவுங்கள தப்பு சொல்லமாட்டேன்."

"அம்மா, பாதியை மறைத்தது அவர்கள்தானே?"

அவர் மடித்த துணியைக் கீழே வைத்தார்.

"மறைச்சாங்களா? யுத்த சமயத்துல மண்ணெண்ணெய் வெல, பால் வெல எல்லாம் ஏறிச்சில்ல, அப்ப நான்தான் போய்க் கேட்டேன். காலணாவ அரையணாவா ஆக்குங்கன்னு. முடியாதுன்னாங்க. அவுங்க தாத்தாங்க சன்னதியில கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணி வெச்ச ரேட்டாம். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாதாம். அப்புறம் அவுங்களே ஒரு வழி சொன்னாங்க. ரேட்ட தொடவேணாம், ஒரு மூட்டை எறங்கினா ரெண்டுன்னு எழுதிக்கிறோம்னாங்க. அன்னையிலேருந்து அப்படித்தான் நடக்குது."

சபாபதியின் மூட்டைகளை மனசுக்குள் பாதியாக்கிப் பார்த்தேன்.

"இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை?"

"சாமி நோட்டுல பொய் எழுதினோம்னு சர்க்காருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்களா? கடையே போனாலும் குடுக்கமாட்டாங்க."

"நீங்கள் எழுதிக் கொடுங்கள் அம்மா. உத்தரவை ரத்து செய்துவிடலாம்."

"என்னை நம்பி அந்த நோட்ட என் கையில குடுத்து வெச்சாங்க. ஒருதரம் ஏமாந்து உங்ககிட்ட தூக்கிக் குடுத்தேன். இன்னொருதரம் மாட்டேன்."

வீட்டுக்கு வந்து என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நோட்டின் முன்பகுதியில் பதினேழு மூட்டை, முப்பத்தொன்று, இருபத்து நான்கு என்று எல்லா விதமாகவும் எண்கள் இருந்தன. ஒரு பக்கத்துக்குப் பிறகு ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. ஏழு கடையிலும் இல்லை, எந்த வாரத்திலும் இல்லை. எல்லாமே இரண்டால் பெருக்கியவை, எப்படி ஒற்றைப்படை வரும்? என் கையாலேயே பிரதி எடுத்தவன் நான். ஒவ்வொரு எண்ணையும் எழுதியிருக்கிறேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஆரம்பிக்கிறது. தப்பு செய்தது பெரிய விஷயமில்லை, எல்லோரும் செய்வோம். தப்பு என்று தெரிந்த பிறகு இருந்த இரண்டு நாட்கள்தான் எனக்குப் பெரிய விஷயம்.

கையில் ஒரு காகிதம்கூட ஆதாரம் இல்லை. வியாபாரிகள் பேசமாட்டார்கள், நர்ஸ் எழுதித் தரமாட்டார். உத்தரவு தப்பு என்று நான் சொன்னால், என் வார்த்தையைத் தவிர வேறொன்றும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு சொல்கிறான் என்பார்கள். அதைவிட மோசம், இந்த ஆஸ்பத்திரியில்தான் என் மனைவிக்குப் பிரசவம் ஆக வேண்டும். பெண்டாட்டிக்காக சர்க்கார் வரியை விட்டுக்கொடுத்தான் என்று சொன்னால் என்ன பதில் சொல்வேன்? அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இல்லாமல், அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால் நான் இந்தத் தப்பைத் திருத்தப் புறப்படுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நிச்சயமாக ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பேசாமல் இருந்தால் வேலை நிற்கும். பேசினால் மார்ச்சோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், பிறக்கப் போகும் குழந்தையோடு.

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமையே ரயிலேறினேன். வழியெல்லாம் எதை முதலில் சொல்வது என்று மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்தேன். கடலூர்க்காரர் முன்னால் போய் நின்றதும் அத்தனையும் மறந்து, கடைசியில் சொல்ல நினைத்ததை முதலில் சொல்லிவிட்டேன்.

"சார், அந்த ஆஸ்பத்திரியிலதான் என் சம்சாரத்துக்குப் பிரசவம். இருவது நாள்ல. அத மொதல்ல தெரிஞ்சிக்கிட்டு மீதிய கேளுங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மீதியையும் சொன்னேன். பிரதியை அவர் முன்னால் வைத்தேன். ஒற்றைப்படை நின்றுபோன பக்கத்திலிருந்து ஆரம்பித்து விரலை வைத்துக்கொண்டே போனார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒற்றைப்படை எண் ஒன்று கிடைத்துவிட்டால் என் கதை பொய். அவர் விரலுக்கு முன்னால் என் கண் அடுத்த எண்ணுக்கு ஓடியது. நானே பல தடவை பார்த்தவன், ஆனாலும் எங்காவது ஒன்று தப்பி இருந்துவிடுமோ என்று பயம். கடைசிப் பக்கத்தில் விரலை எடுத்தார்.

"ஒரே ஒரு நாள் எதிர்க்கடையில ஒக்காந்து எறங்கற மூட்டைய எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்குமே."

"ஆமா சார்."

"ஏன் எண்ணல?"

"நோட்டு கையில இருந்துச்சு சார்."

அவர் பிரதியை மூடினார். பிறகு கேட்டார், "சம்சாரத்துக்காகத்தான் வந்தியா?"

"அதுவும் உண்டு சார்."

இல்லை என்று சொல்லியிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார் என்று பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னது வேறு.

"அப்ப இந்த ஃபைல நீ தொடாத. ரத்து பண்றதும் வேணாம், கையெழுத்தும் வேணாம். உனக்கு இதுல சொந்த வேலை இருக்கு. நான் சிதம்பரத்துக்கு வந்து மூட்டைய எண்றேன். தப்புன்னு தெரிஞ்சா என் கையெழுத்துல ரத்து ஆகும், உன் மேல மெமோ வரும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அவர் மேலே எழுத வைத்திருந்த பண்ருட்டிக் கடிதத்தை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டார். கோபமாகத்தான் கிழித்தார்.

மறுநாளே வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு, சபாபதி கடைக்கு எதிரே காபி கிளப்பில் உட்கார்ந்து இரண்டு நாள் ஏழு கடையிலும் இறங்கிய மூட்டைகளை எண்ணினார். ஒரு வியாபாரியையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, மகமை நோட்டு என்ற வார்த்தையே அவர் உத்தரவில் வரவில்லை. நேரில் சரக்கைப் பார்த்ததில் அதிகாரியின் மதிப்பீடு தவறு என்று தெரிகிறது, அவ்வளவுதான். ஆறு பேருக்கும் ரத்தானது. ஏழாமவர் கணக்கு மட்டும் பாதியாக்கிப் பார்த்த பிறகும் இடித்தது. அந்த வித்தியாசத்துக்கு வரி கேட்டதும் அவர் முணுமுணுக்காமல் கட்டினார். எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு மெமோ வந்தது, ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. வேலை எப்படியோ தப்பியது. அவர் எனக்காக என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் உத்தரவை ரத்து செய்துவிட்டால் மகமை தானாகத் திரும்பி வந்துவிடுமா? ஒண்ணாந்தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சபாபதி கடைக்குப் போனேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, "தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் மிளகாய் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, காம்பு பார்த்து, திரும்பப் போட்டார்.

"ஒங்க அவசரம் ஒங்களுக்கு. வுடுங்க சார். ஆஸ்பத்திரி நடக்கும். அது ஒங்களுக்காக இல்ல."

நடந்தது. எஸ்தர் அம்மா ஊருக்குப் போகவில்லை. பிரசவத்தன்று விடியற்காலையிலிருந்து நான் அந்த வராந்தாவில் இருந்தேன். உள்ளேயிருந்து வந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்தேன், சத்தம் நின்றால் இன்னும் பயந்தேன். போன தடவையும் முதலில் சத்தம்தான் நின்றது. வெயில் ஏறி வராந்தாவுக்குள் வந்த பிறகு எஸ்தர் அம்மா கதவைத் திறந்தார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

குழந்தையை என் கையில் கொடுத்தார். உடம்பு சூடாக இருந்தது. கத்தியது. நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை. கொஞ்சம் தேறிய பிறகு ஒரு கையால் சட்டைப் பையைத் துழாவி, இருந்த ரூபாயை எடுத்து நீட்டினேன்.

"அம்மா, மகமையில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"நோட்டு இப்ப இல்ல சார். எடுத்துட்டாங்க. கதவாண்ட பெட்டி வெச்சிருக்காங்க பாருங்க, அதுல போட்டுட்டுப் போங்க. யாரு போட்டது, எவ்வளவு போட்டதுன்னு நாங்க பாக்கறதில்ல."

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். குழந்தையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போய், ரூபாயைப் பெட்டியில் போட்டேன்.